தீவைச் சுற்றும் மேடை: திருமலையில் யார் வாசிப்பது?

இசைவிழாக்கள் ஊர் ஊராக நகரத் தொடங்கிவிட்டன. பெரிய பெயர்கள் வருகின்றன, கூட்டம் சேர்கிறது, மறுநாள் லொறிகள் திரும்பிப் போகின்றன. துறைமுக மாவட்டமான திருகோணமலை (திருமலை) அந்தச் சுற்றில் இடம்பிடிக்கும்போது அதன் கையில் என்ன மிஞ்சும்?

2024 பெப்ரவரி 9, இரவு. யாழ்ப்பாணம் முற்றவெளி. மேடையில் இந்தியப் பாடகர் ஹரிஹரன். முன்னால் கட்டணம் செலுத்தியவர்களுக்குக் கதிரைகள், பின்னால் இலவசமாகப் பார்க்க வந்தவர்கள். நேரம் போகப் போகப் பின்னால் நின்ற கூட்டம் முன்னோக்கி நெருக்கியது. தடுப்புகள் சரிந்தன. காசு கொடுத்தவர்களின் பகுதிக்குள் சனம் வெள்ளமாகப் புகுந்தது. பாட்டு நின்றது. பொலிஸார் இறங்கினார்கள். மேடைக்கும் மைதானத்துக்கும் நடுவே யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாத நிலை.

மறுநாள் விடிந்ததும் தேநீர்க் கடைகளில் இரண்டு கட்சி. இளைஞர்களுக்கு ஒழுக்கமில்லை என்றது ஒன்று. இவ்வளவு கூட்டம் வரும் என்று தெரிந்தும் ஒழுங்கு செய்யத் தெரியவில்லை என்றது மற்றது. இரண்டு கட்சியும் தொடாத விஷயம் ஒன்று இருந்தது. அதற்கு நாலு மாதத்துக்கு முன், 2023 ஒக்டோபர் 21 அன்று, இதே முற்றவெளியில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 'யாழ் கானம்' நிகழ்ச்சியை இலவசமாக நடத்தியிருந்தார். இரண்டு இரவுகளுக்கும் பெயர் கொடுத்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். வடக்கின் மக்களுக்குக் கிடைத்த முதன்மையான வேடம் பார்வையாளர் வேடம்.

கிழக்கிலும் பெருநிகழ்ச்சிகளின் காலம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் திருகோணமலையில் 1,008 பொங்கல் பானைகளும் 1,500 பரதநாட்டியக் கலைஞர்களுமாகப் பொங்கல் விழா நடந்தது. சம்பூரில் ஜல்லிக்கட்டும் நடந்தது. ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் கூட்ட இந்த மாவட்டத்தால் முடியும் என்பதில் இனிச் சந்தேகமில்லை. கூட்டிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் பேச வேண்டியது இருக்கிறது.

லொறியில் ஏறிய விழா

ஊர் ஊராகச் சுற்றும் விழா என்ற எண்ணம் பெரிய பணக்காரர்களின் மூளையில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் 1992இல் 'ஹோர்ட்' என்ற சுற்று விழா தொடங்கியது. கோடைகாலத்தில் பெரிய வெளியரங்குகளைத் தனித்தனியே நிரப்ப முடியாத குழுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே மேடையை வாடகைக்கு எடுத்தன. புளூஸ் டிராவலர் குழுவின் ஜோன் பொப்பர் முன்னின்றார். ஃபிஷ், வைட்ஸ்பிரெட் பானிக், ஸ்பின் டொக்டர்ஸ் முதலிய குழுக்கள் கைகோத்தன. சின்னக் கடைக்காரர்கள் சேர்ந்து மொத்தமாகச் சரக்கு எடுப்பது போன்ற ஏற்பாடு. 1998 வரை அது ஓடியது.

அந்தக் குழுக்கள் வாசித்தவை ஃபங்க், புளூஸ், ரொக், ஜாஸ் எல்லாம் கலந்த ஜாம் இசை. ஃபங்க் 1960களில் ஜேம்ஸ் பிரவுன் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்தது. பேஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் ஒரு பிடியைப் பிடித்து விடாமல் சுற்றும். பாட்டும் ஊதுகருவிகளும் அதன்மேல் ஏறி இறங்கும். ஜாம் என்றால், எழுதிவைத்த பாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும் வாசிப்பு இருபது நிமிடம் நீளும். இன்றைக்கு வாசித்தது நாளைக்கு வராது. அதனால்தான் 1965இல் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் குழுவை ரசிகர்கள் முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்தார்கள்.

இந்தியாவில் 2010இல் புனேயில் தொடங்கிய 'என்.எச்.7 வீக்கெண்டர்' அடுத்த ஆண்டே டெல்லிக்கும் பெங்களூருக்கும் போனது. 2015இல் ஷில்லாங் மலையூரை அடைந்தது. அங்கே அது வெறும் நிலத்தில் இறங்கவில்லை. ஷில்லாங் ஏற்கெனவே ரொக் இசையில் ஊறிய ஊர். சொந்தக் குழுக்கள் இருந்ததால் விழா அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டது.

தமிழகத்தில் 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கானாவையும் ரொக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', 2021இல் மதுரை, கோவை என்று சுற்றிச் சென்னைக்கு வந்தது. பறையும் ஒப்பாரியும் கானாவும் வாசிப்பவர்கள் அங்கே துணை நிகழ்ச்சிக்காரர்களாக நிற்கவில்லை. விழாவே அவர்களுடையது.

■ பெட்டிச் செய்தி: சுற்றிய மேடைகள்

• 1992–1998: அமெரிக்காவில் 'ஹோர்ட்' சுற்று விழா
• 2010: புனேயில் என்.எச்.7 வீக்கெண்டர். 2011இல் டெல்லி, பெங்களூர், 2012இல் கொல்கத்தா, 2015இல் ஷில்லாங்
• 2011, 2013: யாழ்ப்பாணம் இசைவிழா
• 2012, 2014: காலி இசைவிழா
• 2020: சென்னையில் மார்கழியில் மக்களிசை. 2021இல் மதுரை, கோவை

யாழ்ப்பாணமும் காலியும்

இலங்கையில் இதற்கு மிக நெருங்கிய முன்மாதிரி யாழ்ப்பாணம் – காலி இசைவிழா. போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத 2011 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் முதல் விழா. அடுத்த ஆண்டு காலியில். 2013இல் மறுபடி யாழ்ப்பாணம், 2014இல் மறுபடி காலி. சேவாலங்கா மன்றமும் நோர்வேயின் கொன்சர்ட்ஸ் நோர்வே நிறுவனமும் இணைந்து நடத்தின. நோர்வேத் தூதரகம் உதவியது.

அந்த மேடையில் ஃபங்க் இல்லை. இருந்தவை கூத்து, நாடகம், சொக்கரி, மேளம், வெளிநாட்டு நாட்டார் இசைக் குழுக்கள். ஆனால் ஜாம் விழாவின் உயிர்நாடி அங்கே இருந்தது. மொழி தெரியாத கலைஞர்கள் ஒருவர் தாளத்தை மற்றவர் பிடித்துக்கொண்டார்கள். புத்தளத்துக் காப்பிரி மக்களின் மஞ்ஞா இசையும் வடக்கின் கூத்தும் ஒரே விழாவில் ஒலித்தன. தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தையும் வடக்கிலிருந்து போனவர்களுக்குக் காலியையும் காட்டிய பெருமையும் அதற்கு உண்டு.

அதன் பலவீனமும் அதே இடத்தில்தான். கொடையாளர் பணத்தில் எழும் மேடைக்குத் திட்டக்காலம் என்று ஒன்று உண்டு. பணம் நிற்கும்போது மேடையும் நிற்கும். உள்ளூரில் டிக்கெட் வாங்கும் பழக்கத்தையும் ஒலியமைப்பாளர்களையும் சொந்தப் பாட்டுள்ள குழுக்களையும் அதற்குள் வளர்த்துக்கொண்ட ஊருக்குத்தான் அடுத்த விழா சொந்தமாகும்.

கடல் போட்ட அட்டவணை

சுற்று விழாவுக்கு இந்தத் தீவு பிறவியிலேயே பொருத்தமானது. டிசம்பர் முதல் மார்ச் வரை தென்மேற்குக் கரை அமைதியாக இருக்கும். ஹிக்கடுவையும் காலியும் நிறைந்து வழியும். அப்போது கிழக்கில் மழையும் அலையும். மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை தலைகீழ். உப்புவெளி, நிலாவெளிக் கடல் குளம் போலாகிவிடும். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்காரர்கள் கூடுவார்கள். ஹோட்டல்களில் வாசிக்கும் கலைஞர்களும் சமையல்காரர்களும் பருவத்தோடு கரை மாறுவது புதிதல்ல.

ஃபங்க், ஜாம் இசைவிழாவும் அப்படியே கரை மாறலாம். ஒரே மேடை, ஒரே ஒலியமைப்பு, ஒரே தொழில்நுட்ப அணி. ஜனவரியில் காலி, சித்திரைக்கு முன் யாழ்ப்பாணம், ஜூலையில் திருமலை. ஓரூரில் ஆண்டுக்கொரு தடவை மட்டும் எழும் விழாவுக்கு ஒலிப்பெட்டிகளின் வாடகையே முதுகை முறிக்கும். பல ஊர்களுக்குப் பகிர்ந்தால் பாரம் குறையும். அமெரிக்கக் குழுக்கள் 1992இல் போட்ட அதே கணக்கு.

ஆனால் திருமலை நாட்காட்டியில் வெற்றுத் தாள் குறைவு. கோணேசர் கோயில் உற்சவம், பத்திரகாளி அம்மன் தேர், ஆடி அமாவாசைத் தீர்த்தம், ஆவணியில் வெருகல் சித்திரவேலாயுதர் திருவிழா. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதமும் பெருநாட்களும். மாதந்தோறும் போயா, அன்று மதுக்கடைகள் பூட்டு. கொழும்பிலிருந்து திகதி குறித்துவிட்டு வருபவர் ஏதோ ஒரு சமூகத்தின் புனித நாளில் போய் முட்டுவார். மாவட்டத்தில் எந்தச் சமூகமும் சனத்தொகையில் பாதியைத் தாண்டாது. ஒரு சமூகத்தைக் கேட்டு மட்டும் திகதி வைக்க இங்கே வழியில்லை.

■ பெட்டிச் செய்தி: திருகோணமலை மாவட்டம்

• பரப்பளவு: 2,727 சதுர கிலோமீற்றர்
• சனத்தொகை: 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3,80,000
• முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் பெரும் எண்ணிக்கையில் வாழும் மாவட்டம். பறங்கியர் சிறு தொகையினர்
• கிண்ணியாப் பாலம்: 396 மீற்றர் நீளம், 2009 ஒக்டோபரில் திறப்பு
• கரையோரப் பாதுகாப்புப் பகுதி: 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவு, நிலாவெளி

வெளியே தேட வேண்டாத தாளம்

ஃபங்க், ஜாம் என்றதும் அந்நியம் என்று முகம் சுழிப்பவர்கள் கோயில் வீதியில் ஒரு சமா பார்த்ததில்லை போலும். நாதஸ்வரம் பாட்டை எடுத்து வைத்துவிட்டு ஒதுங்க, இரண்டு தவில்கள் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு விடியும்வரை போகும். சனம் மணலில் குந்தியிருந்து ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தலையாட்டும். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, வித்துவான்கள் கோயிலுக்குக் கோயில் சுற்றுவதும் மேடையிலேயே கற்பனையாக வாசிப்பதும் வாழ்க்கையின் பகுதி. கிழக்கின் உற்சவங்களும் இந்தச் சுற்றுக்கு வெளியே இருந்ததில்லை. இது முதல் ஊற்று.

இரண்டாவது ஊற்று, பறங்கியருடையது. மட்டக்களப்பிலும் திருமலையின் பாலையூற்றுப் பக்கத்திலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் கிற்றாரும் மேளமும் துணை. கால் தானாக எழும்பும் அந்தத் தாளத்தின் உறவுக்காரர்தான் பைலா. 1940களில் வொலி பஸ்டியன் அதைக் கொழும்பு மேடைக்கேற்ப மாற்றினார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அதைத் தமிழ்நாட்டுக் கலியாண வீடுவரை கொண்டுபோனது.

மூன்றாவது, திருமலையின் சொந்தப் பெயர். எம். பி. பரமேஸ், எம். பி. கோணேஸ் சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள். 1970களில் பொப்பும் மெல்லிசையுமாக இலங்கைத் தமிழில் சொந்தப் பாட்டு எழுதி இசைத்தட்டு வெளியிட்ட முன்னோடிகள். அவர்களது 'உனக்குத் தெரியுமா' அன்றைய வானொலி நேயர்களுக்கு மனப்பாடம். அதே காலத்தில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று துள்ளிசை பாடினார். தென்னிந்தியச் சினிமாவைப் பார்த்து எழுதாத, தன் ஊர்ப் பேச்சிலேயே ஆடிப் பாடும் இசை ஒன்று இங்கே தலையெடுத்தது.

பிறகு போர். இரவு நிகழ்ச்சிகள் அருகின. வாத்தியக்காரர்கள் புலம்பெயர்ந்தார்கள். எஞ்சிய இசைக்குழுக்கள் கோயில் திருவிழாவிலும் கலியாணத்திலும் சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசித்துப் பிழைத்தன. அதில் குறை சொல்ல எதுவுமில்லை, சனம் கேட்டது அதைத்தான். ஆனால் விளைவு இன்றைக்கும் தெரிகிறது. கீபோர்டில் கைதேர்ந்த இளைஞர் பலர். தனக்கென்று பத்துப் பாட்டு வைத்திருக்கும் குழுவோ மிக அரிது.

பாலம் திறந்த வழி

2009 ஒக்டோபர்வரை திருமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் பாதைப்படகுக்குக் காத்திருந்தார்கள். மூதூருக்குப் பலர் கடல்வழியே போனார்கள். ஒலிப்பெட்டி, ஜெனரேட்டர், மேடைப் பலகை எல்லாவற்றையும் படகில் ஏற்றி இறக்கி இரவு நிகழ்ச்சி நடத்துவது எந்தக் குழுவுக்கும் கட்டுப்படியாகாது. 396 மீற்றர் பாலமும் அதைத் தொடர்ந்த மட்டக்களப்பு வீதிப் பாலங்களும் வந்த பிறகு, லொறி ஒன்று காலையில் திருமலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டக்களப்பு போய்விடலாம்.

இதன் முழுப்பொருள் இன்னும் உணரப்படவில்லை. மாவட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு சுற்று இப்போது சாத்தியம். நகரத்தில் ஓரிரவு, கிண்ணியாவில் ஒரு மாலை, மூதூரில் ஒரு மாலை, கந்தளாயில் ஒரு மாலை. உப்புவெளிக் கடற்கரையில் மட்டும் விழா எழுந்தால் அது சுற்றுலாப் பயணிக்கும் வாகனம் உள்ளவருக்கும் உரியதாகிவிடும். இரவு நிகழ்ச்சி முடிந்து சம்பூருக்கோ தோப்பூருக்கோ திரும்ப பஸ் இல்லையென்றால் அங்குள்ள பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். இலவச அனுமதியும் அவர்களைக் கொண்டுவராது. முற்றவெளி தந்த பாடமும் இதுவே: வழி, கழிப்பறை, தண்ணீர், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் ஆகியவற்றைப் பாடகர் பட்டியலுக்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

இரவு பத்து மணி

ஜாம் இசை நள்ளிரவைத் தாண்டத் துடிக்கும். சட்டம் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் தந்த உத்தரவு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று பொதுவிதியை வகுத்தது. இசை நிகழ்ச்சிகளுக்கு அவ்வப்போது தளர்வுகள் பேசப்பட்டாலும் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கட்டாயம். டிக்கெட் விற்றால் உள்ளூராட்சி சபைக்குக் களியாட்ட வரியும் உண்டு.

இதைத் தடையாகப் பார்ப்பவர்கள் கொழும்பு விடுதிகளின் பழக்கத்தில் யோசிப்பவர்கள். திருமலையில் மாலை நான்கு மணிக்கே வெயில் தணிந்து கடற்காற்று வந்துவிடும். நாலு முதல் பத்து வரை ஆறு மணி நேரம். அதற்குள் ஆறு குழுக்கள் தாராளமாக வாசிக்கலாம். மாலை விழா என்றால் குடும்பங்கள் வரும், குடி குறையும், கடைசி பஸ் பிடிக்கலாம். மஃரிப், இஷா தொழுகை நேரங்களில் இடைவேளை விட்டால் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் நல்ல வியாபாரம்.

இடம் இன்னொரு சிக்கல். துறைமுகத்தைச் சுற்றிய அழகான நிலங்களில் பெரும்பகுதி கடற்படை, விமானப்படை, துறைமுக அதிகாரசபை கையில். பொதுமக்களுக்கு எஞ்சுவது மக்கெய்சர், ஏகாம்பரம் போன்ற மைதானங்களும் திறந்த கடற்கரையும். மைதானத்தில் மேடை போட்டால் விளையாட்டுக்காரர்கள் சில நாட்களை இழப்பார்கள். கடற்கரையில் போட்டால் கரைவலைக்காரர்களின் இடம் போகும், பிளாஸ்டிக் கடலுக்குள் போகும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவின் பவளப்பாறைகள் இருப்பதை மறந்துவிட்டுக் கடற்கரைக் கொண்டாட்டம் பேச முடியாது.

காசு எந்தப் பக்கம் பாயும்?

வெளியூர் விழா ஒன்று வந்தால் பணம் ஓடும் வாய்க்கால்கள் தெரிந்தவைதான். மேடையும் ஒலியும் ஒளியும் பெரும்பாலும் கொழும்பிலிருந்து. நட்சத்திரத்தின் சம்பளம் இந்தியாவுக்கு. டிக்கெட் விற்கும் செயலிக்குத் தரகு. திருமலைக்கு அறை வாடகை, மீன், ஓட்டோ, தண்ணீர்ப் போத்தல். அது சின்னக் காசில்லைதான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து அடிவாங்கிய விருந்தினர் விடுதிகளுக்கு மூன்று நாள் நிறைந்தாலே மூச்சு வரும்.

ஆனால் மூன்று நாள் வருமானத்தைவிட நீண்டகாலப் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒலிக்கலவைப் பலகையில் உட்காரத் தெரிந்த பத்துப் பேர், மேடை மின்சாரத்தைப் பாதுகாப்பாக இணைக்கத் தெரிந்த ஐந்து பேர், கூட்டத்தை வழிநடத்தப் பயிற்சி பெற்ற தொண்டர் அணி ஒன்று. இவர்கள் இருந்தால் அடுத்த கோயில் திருவிழாவும் பள்ளிக்கூட விழாவும் தரம் உயரும். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்திலிருந்து இசை, நாடகப் பட்டதாரிகள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு இன்னொரு தொழில்வழியை ஒரு சுற்று விழாவால் திறக்க முடியும்.

சொந்தப் பாட்டு பொருளாதார விஷயமும்கூட. மற்றவர் பாட்டை வாசித்தால் அந்த இரவுக் கூலி மட்டும். தன் பாட்டென்றால் பதிவு, ஒளிபரப்பு, இணையம் என்று உரிமைத்தொகை கேட்க 2003ஆம் ஆண்டின் புலமைச்சொத்துச் சட்டம் இடம் கொடுக்கிறது. சென்னையின் 'ஜடாயு' போன்ற குழுக்கள் கர்நாடக இசையையும் ஜாஸையும் ஃபங்கையும் சேர்த்துப் பாட்டுவரியே இல்லாமல் வாசித்து விழா மேடைகளைப் பிடித்திருக்கின்றன. மூன்று மொழி பேசும் திருமலைக்கு வரியில்லாத வாத்திய இசை இன்னும் பொருந்தும். எந்த மொழியில் பாடுவது என்ற சண்டைக்கே அங்கே இடமில்லை.

விழாவிடம் கேட்க வேண்டியவை

திருமலைக்கு மேடை கொண்டுவர வருகிறவரிடம் பிரதேச செயலகமும் உள்ளூராட்சி சபையும் கலைஞர் அமைப்புகளும் மூன்று நிபந்தனை வைக்கலாம்.

ஒன்று, மேடை நேரத்தில் பாதி கிழக்கு மாகாணக் கலைஞர்களுக்கு. பிற்பகல் மூன்று மணி வெயிலில் வெறும் மைதானத்துக்கு வாசிக்கச் சொல்லும் பாதி வேண்டாம். விளக்கு எரியும் நேரத்திலும் பங்கு வேண்டும். அந்த நேரத்தில் சொந்த ஆக்கம் மட்டும்.

இரண்டு, விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே பட்டறை. தவில்காரரும் பறங்கிய வயலின்காரரும் கிண்ணியாவின் றபான் கலைஞரும் பைலா ட்ரம்ஸ்காரரும் ஒரு கூரையின்கீழ் உட்கார்ந்து பழகாமல், மேடையில் திடீரென்று ஜாம் பிறக்காது. போன இடமெல்லாம் இந்தப் பட்டறை நடந்தால் விழாவுக்கு ஒவ்வோர் ஊரிலும் புதுக் குழு கிடைக்கும். ஆண்டுதோறும் அதே நட்சத்திரத்துக்குப் பணம் கொட்டும் தேவையும் குறையும்.

மூன்று, திரும்பிப் போகும் லொறியில் திருமலைக் குழுக்களுக்கும் இடம். பாதை ஒருவழியாக இருந்தால் அது சுற்று விழா ஆகாது, கொழும்பின் கிளைக்கடை ஆகும். இங்கே உருவான குழு அடுத்த பருவத்தில் காலியில், கண்டியில், முடிந்தால் சென்னையில் வாசிக்க வேண்டும். பரமேஸும் கோணேஸும் இசைத்தட்டு மூலம் ஊரைத் தாண்டிப் போனார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலையை விழா செய்து கொடுக்கட்டும்.

முதல் ஆண்டில் பத்தாயிரம் பேரைச் சேர்ப்பது கஷ்டமில்லை. ஒரு பெரிய பெயரும் ஒரு இலவச அறிவிப்பும் போதும், முற்றவெளி அதை நிரூபித்துவிட்டது. வளர்ச்சியைக் கணக்கெடுக்க வேண்டியது மூன்றாம் ஆண்டில். காலி மேடையின் பட்டியலில் மூதூர்க் குழு ஒன்றும் பாலையூற்றுக் குழு ஒன்றும் கட்டணம் பெறும் கலைஞர்களாக இருந்தால் விழா வளர்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் வளர்ந்தது அதன் டிக்கெட் விலை மட்டும்.